பனிமலைக்குப் போகும் முன் சாரலில் ஒரு இரவு

கம்பத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "வயது 24. டிசம்பரில் நண்பர்களோடு உத்தராகண்டில் இருக்கும் கேதார்காந்தா பனிமலைக்குப் போகிறேன். அப்புறம் இன்னும் பெரிய பனிமலைகளுக்கும் போக ஆசை. குளிரில் காட்டுக்குள் மாட்டிக்கொண்டால் உயிரோடு திரும்ப என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? நம் பக்கம் பனியே விழாதே, எங்கே போய்க் கற்பது? வீடியோ பார்த்தால் போதுமா?"

தம்பி, நான் மூணாறு பக்கத்துச் சூரியநெல்லிக்காரன். அப்பா அம்மா இரண்டு பேருமே தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். பிறகு உத்தரகாசியில் மலையேற்ற அடிப்படைப் பயிற்சியை முடித்துவிட்டு, சில வருடங்களாகச் சின்னக் குழுக்களை மலைக்கு அழைத்துப் போய்க்கொண்டிருக்கிறேன். நீங்கள் கற்க வேண்டியதில் முக்கால் பங்கு உங்கள் வீட்டிலிருந்து மூன்று மணி நேரத் தூரத்திலேயே இருக்கிறது. பனி விழவேண்டும் என்ற அவசியமே இல்லை. ஆடி மாதச் சாரலும் காற்றும் போதும்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், குளிரில் சாகிறவர்கள் எல்லாம் மைனஸ் இருபதில் சாவதில்லை. பூஜ்யத்துக்கும் பத்து டிகிரிக்கும் நடுவில், மழையில் நனைந்து, காற்றில் நின்று, நேரத்தோடு ஒதுங்காமல் விட்டவர்கள் நிறையப் பேர். காய்ந்த உடம்பு தாங்கும் குளிர் ஒன்று, நனைந்த உடம்பு தாங்கும் குளிர் வேறு. தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடல் சூட்டைக் கடத்திக்கொண்டு போகும். நீங்கள் போட்டிருக்கும் பருத்திச் சட்டை கால் லிட்டர் தண்ணீரைக் குடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், அது உடம்பிலேயே காய வேண்டுமென்றால் சுமார் 145 கிலோகலோரி சூடு வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்பு ஒரு மணி நேரத்தில் உண்டாக்குவதே 80 கிலோகலோரி அளவுதான். அதாவது ஒரு ஈரச் சட்டை கிட்டத்தட்ட இரண்டு மணி நேரச் சூட்டைத் தின்றுவிடும். காற்றும் சேர்ந்துகொண்டால், 5 டிகிரியில் 40 கிலோமீட்டர் வேகக் காற்று வீசும்போது உங்கள் முகத்தோல் அதைப் பூஜ்யத்துக்கும் கீழே என்றுதான் உணரும்.

இதைப் பயிற்சிக்குப் போவதற்குப் பல வருடம் முன்பே கண்ணால் பார்த்தேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. ஆடி மாதம், சித்தப்பா மகனோடு கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன், ஜீப்பைத் தவறவிட்டுவிட்டோம், சரி நடந்தே போய்விடலாம் என்று கிளம்பினோம். இரண்டு பேருக்கும் ஜீன்ஸ், பருத்திச் சட்டை. பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. அவன் முதலில் நடுங்கினான், எரிச்சலாகப் பேசினான், அப்புறம் பேச்சே நின்றுவிட்டது. சமதளத்தில் கால் இடறியது. பையின் ஜிப்பைப் பிடித்து இழுக்க விரல் வரவில்லை. கடைசியில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து "நீ போ, நான் கொஞ்ச நேரம் தூங்கிட்டு வர்றேன்" என்றான். வாய் குழறியது. களைப்பு என்றுதான் நான் நினைத்தேன்.

வேலை முடிந்து வந்த ஒரு பெரியம்மா அவனைப் பார்த்ததும் எங்கள் இருவரையும் கொழுந்து நிறுக்கும் ஷெட்டுக்குள் இழுத்துப்போனார். கீழே நாலைந்து சாக்கு மடித்துப் போட்டு அதன்மேல் அவனை உட்கார வைத்தார். ஈரச் சட்டையைக் கழற்றிவிட்டுத் தன் கம்பளியைச் சுற்றினார், அதற்கு மேல் மழைக்கு இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியையும் போர்த்தினார். ஃபிளாஸ்க்கில் இருந்த பால் விடாத கட்டன் சாயாவில் சர்க்கரையை அள்ளிப்போட்டு மெதுவாகக் குடிக்க வைத்தார். நான் அவன் கையைக் காலைத் தேய்க்கப் போனபோது "தேய்க்காத, சும்மா இரு" என்றார். கொஞ்ச நேரத்தில் அவன் உடம்பு தூக்கித் தூக்கிப் போட ஆரம்பித்தது. நான் பயந்துவிட்டேன். "நடுங்கட்டும், நடுங்குனா நல்லது" என்றார் அவர். பல வருடம் கழித்து மலையேற்ற வகுப்பில் இதே வரிசையைக் கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள்: காற்றிலிருந்து ஒதுங்கு, தரையிலிருந்து பிரி, ஈரத்தைக் கழற்று, போர்த்து, இனிப்பு கொடு. ஒரு படிகூட மாறவில்லை.

அதனால் முதலில் கற்க வேண்டியது இந்த அறிகுறிகளைத்தான், கத்தியும் தீயும் அதற்குப் பிறகு. உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் ஹைப்போதெர்மியா. வீட்டில் இருக்கும் காய்ச்சல் தெர்மாமீட்டர் பெரும்பாலும் அந்த அளவுக்குக் கீழே காட்டாது, ஆகவே கருவியை நம்ப முடியாது, ஆளைத்தான் பார்க்க வேண்டும். தடுமாறுகிறானா, முணுமுணுக்கிறானா, விரல் மொக்கையாகிவிட்டதா, காரணமில்லாமல் சிடுசிடுக்கிறானா? இந்த நான்கில் இரண்டு தெரிந்தாலே நடையை நிறுத்துங்கள். நடுக்கம் உடம்பின் சொந்த அடுப்பு, சாதாரண நேரத்தைவிட நான்கைந்து மடங்கு வரை சூட்டை உண்டாக்கும். அந்த அடுப்புக்கு விறகு சர்க்கரைதான். 32 டிகிரிக்குக் கீழே போகப் போக நடுக்கம் நின்றுபோகும், பார்ப்பவர்கள் "பரவாயில்லை, நடுக்கம் நின்றுவிட்டது, தேறிவிட்டான்" என்று நினைக்கும் மிக ஆபத்தான கட்டம் அதுதான். இன்னும் கீழே போனால் சிலர் "உடம்பு எரிகிறது" என்று இருக்கும் துணியையும் கழற்றிவிடுவார்கள். அது பைத்தியமோ பேயோ இல்லை, சுருங்கியிருந்த தோல் ரத்தக்குழாய்கள் தளர்ந்து சூடான ரத்தம் தோலுக்கு வருவதால் வரும் உணர்வு என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் காரணம்.

நடுக்கம் நின்ற ஆளை நடக்க வைக்கக் கூடாது, உலுக்கக் கூடாது, கையைக் காலைத் தேய்க்கவும் கூடாது. குளிர்ந்த இதயம் ஒரு முரட்டு அசைவில்கூடத் தாளம் தப்பிவிடும். படுக்க வைத்து, போர்த்தி, வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அக்குளிலும் மார்பிலும் வைத்து, உதவிக்கு ஆள் அனுப்புங்கள். மாற்றுத் துணி இல்லையா? ஈரத்தோடேயே ஒரு பெரிய பாலிதீன் பைக்குள் ஆளைக் கழுத்துவரை நுழைத்து அதற்கு மேல் கம்பளியைச் சுற்றுங்கள், ஆவியாவது நின்றாலே பாதி இழப்பு நின்றுவிடும். பிராந்தி கொடுத்தால் சூடேறும் என்று இங்கே ஜீப் ஓட்டும் அண்ணன்மார் இன்றும் சொல்வார்கள். ஒரு சொட்டும் கொடுக்காதீர்கள். சாராயம் தோல் ரத்தக்குழாய்களை விரித்துவிடும், உள்ளே இருக்கும் சூடு வெளியே போகும், சூடானதுபோலத் தோன்றுவது அதனால்தான். இன்னொன்று, உடம்பு ஜில்லிட்டுப் போய் மூச்சு தெரியவில்லை என்பதற்காக ஆள் போய்விட்டார் என்று நீங்களாகவே முடிவு கட்டாதீர்கள். 1999-ல் நார்வேயில் ஆன்னா போகன்ஹோம் என்ற மருத்துவர் பனிச்சறுக்கில் விழுந்து உறைந்த ஓடைக்கு அடியில் 80 நிமிடம் சிக்கிக்கொண்டார், உடல்வெப்பம் 13.7 டிகிரிக்கு இறங்கிவிட்டது, அவர் பிழைத்து மறுபடியும் மருத்துவமனை வேலைக்கே போனார்.

சரி, கற்பது எப்படி? வீடியோ பார்த்தால் போதுமா என்று கேட்டீர்கள். முறை தெரிந்துகொள்ள வீடியோ போதும். ஆனால் குளிரில் முதலில் போவது விரல்தான், விரல் மரத்த நிலையில் முடிச்சுப் போட முடிகிறதா, தீக்குச்சியைப் பிடிக்க முடிகிறதா என்பதை வீடியோ சொல்லித்தராது. வீட்டிலேயே செய்து பாருங்கள்: ஒரு வாளி ஐஸ் தண்ணீரில் கையை மூன்று நிமிடம் வைத்து எடுத்துவிட்டு, உடனே பையைத் திறந்து, தீப்பெட்டி எடுத்து, ஒரு மெழுகுவர்த்தியைப் பற்ற வையுங்கள். முதல் தடவை பெரும்பாலோரால் முடியாது. அதற்குப் பிறகு பையில் எதை மேலே வைக்க வேண்டும், ஜிப்புக்கு ஏன் நீளக் கயிறு கட்ட வேண்டும் என்பதெல்லாம் தானாகப் புரியும்.

அடுத்தது ஒரு இரவு. ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை பூப்பாறை, சாந்தன்பாறை, சூரியநெல்லி, சின்னக்கானல் பக்கம் யாராவது உங்களுக்குச் சொந்தமோ பழக்கமோ இருப்பார்கள், கம்பத்துக்காரர்களுக்கு ஏலத்தோட்டத் தொடர்பு இல்லாமல் இருக்காது. அவர்கள் வீட்டு முற்றத்தில், ஆமாம் முற்றத்தில்தான், ஒரு தார்பாயும் கயிறும் வைத்துக்கொண்டு ஒரு இரவைக் கழியுங்கள். ஆளில்லாத சரிவுக்குப் போகாதீர்கள். யானையும் காட்டுமாடும் நடமாடும் ஊர் இது, அனுமதியில்லாமல் காட்டுக்குள் தங்குவது குற்றமும்கூட. முற்றத்தில் என்றால், தோற்றுப்போனால் கதவைத் தட்டி உள்ளே போய்விடலாம், கற்றுக்கொள்வதற்கு அதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு இல்லை. நள்ளிரவு ஒரு மணிக்கு எங்கிருந்து குளிர் ஏறுகிறது என்று கவனியுங்கள். மேலே இருந்து என்று நினைத்திருப்பீர்கள், கீழே இருந்துதான் ஏறும். எவ்வளவு போர்த்தினாலும் தரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மறுநாள் அதே இடத்தில் காய்ந்த புல்லோ சருகோ ஒரு முழ உயரத்துக்குப் போட்டுப் படுத்துப் பாருங்கள், படுத்தால் அது ஒரு சாணாக அமுங்கிவிடும், அந்த ஒரு சாண் போர்வையைவிடப் பெரியது. பெரியம்மா முதலில் சாக்கு மடித்துப் போட்டதன் அர்த்தம் எனக்கு அப்படி ஒரு இரவில்தான் உறைத்தது.

அப்புறம் ஜனவரியில் மறுபடி வாருங்கள். மூணாறைச் சுற்றி செண்டுவரை, லெட்சுமி, சைலன்ட் வேலி எஸ்டேட்டுகளில் சில விடியற்காலைகளில் பூஜ்யத்தைத் தொட்டு அதற்குக் கீழும் போகும், உறைபனியில் கொழுந்து கருகி நிற்கும். அது காய்ந்த குளிர். சாரல் குளிரையும் அதையும் அடுத்தடுத்து அனுபவித்தால்தான், வெப்பமானி குறைவாகக் காட்டும் இரவு எப்போதும் கடினமான இரவு இல்லை என்பது உடம்புக்குத் தெரியும். பகலில் மீசைப்புலிமலைக்குப் போய்ப் பழகுங்கள், 2,640 மீட்டர், ஆனைமுடிக்கு (2,695 மீட்டர்) கொஞ்சம்தான் குறைவு. கேரள வன வளர்ச்சிக் கழகம் வழிகாட்டியோடு அனுப்புகிறது. நம் பக்கம் ட்ரெக் தமிழ்நாடு என்று 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கினார்கள், அதிலும் பதிவு செய்து போகலாம். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தது உங்கள் தேனி மாவட்டத்தில்தான், அனுமதி, வழிகாட்டி என்பதையெல்லாம் வெறும் காகிதமாக எண்ணாதீர்கள்.

ஏறும்போது பழக வேண்டிய ஒரே விஷயம் வியர்க்காமல் ஏறுவது. கேட்க எளிது, செய்யக் கடினம். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும், பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். ஏற்றம் தொடங்கும் முன் ஒரு சட்டையைக் கழற்றுங்கள், நின்றவுடன் குளிர்வதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். சோம்பல்தான் இதில் எதிரி, "அடுத்த வளைவில் கழற்றிக்கலாம்" என்று சொல்லிச் சொல்லியே உள்சட்டை நனைந்துவிடும், பனிமலையில் அந்த வியர்வை இரவில் உறையும். உடம்பை ஒட்டிய உடுப்பு பருத்தியாக இருக்கவே கூடாது. கம்பளி நூலோ பாலியஸ்டரோ இருக்கட்டும், நனைந்தாலும் கம்பளி கொஞ்சம் சூட்டைப் பிடித்து வைக்கும். நடுவில் ஒன்றோ இரண்டோ ஃபிளீஸ் (மெத்தென்ற செயற்கை நூல் ஸ்வெட்டர்), வெளியே காற்றும் மழையும் புகாத ஒன்று. தோட்டத்து ஆட்கள் காலங்காலமாகக் கம்பளி போட்டு அதன்மேல் படங்கோ, தலையோடு போர்த்தும் கொங்காணியோ போட்டுக்கொண்டு மழையில் நாள் முழுக்கக் கொழுந்து எடுத்தார்களே, அதே தத்துவம்தான். தூங்குவதற்கென்று ஒரு ஜோடி காலுறையைத் தனியாக ஒரு பையில் கட்டி வையுங்கள், என்ன ஆனாலும் அதைப் போட்டு நடக்காதீர்கள்.

தீயைப் பற்றி. இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள், நான் பின்னால் வைத்திருக்கிறேன், ஏனென்றால் மரமில்லாத உயரத்தில் தீ கிடையாது, காட்டுக்குள் பற்றவைக்க அனுமதியும் கிடையாது. இருந்தாலும் தெரிந்திருக்க வேண்டும். சொந்தத் தோட்டத்தில், இரண்டு நாள் மழைக்குப் பிறகு, மூன்றே தீக்குச்சியில் பற்றவைத்துப் பழகுங்கள். தரையில் கிடக்கும் சுள்ளி உதவாது, மரத்திலேயே பட்டுப்போய் நிற்கும் கிளையை எடுங்கள். கவ்வாத்துக் கத்தியால் (தேயிலைச் செடியை வெட்டிவிடும் கத்தி) பிளந்தால் உள்ளே காய்ந்திருக்கும். பென்சில் முனை அளவு சிராய், பென்சில் அளவு, கட்டைவிரல் அளவு என்று மூன்று கட்டு, நீங்கள் போதும் என்று நினைப்பதைப்போல மூன்று மடங்கு, எல்லாம் சேர்ந்த பிறகுதான் குச்சியை உரச வேண்டும். தைல மரத்தின் காய்ந்த பட்டை நன்றாகப் பிடிக்கும். பழைய சைக்கிள் டியூபை விரலகலத் துண்டுகளாக வெட்டிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், நனைந்தாலும் எரியும், எங்கள் வீட்டில் மழைக்கால அடுப்புக்கு அதுதான். பனிமேல் தீ மூட்டினால் உருகிக் கீழே இறங்கி அணைந்துவிடும், அதனால் பச்சைக் கட்டைகளை அடுக்கி மேடை போட வேண்டும். பனி தாங்கிய கிளைக்கு அடியில் மூட்டினால் மொத்தமும் உங்கள் தீமேல் விழும்.

கூடாரத்துக்குள்ளோ மூடிய அறைக்குள்ளோ கரி அடுப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே போய்விடுவார்கள். கொடைக்கானலில் அறைக்குள் கரி அடுப்போடு தூங்கியவர்கள் இறந்த செய்தியை நாம் எல்லோருமே படித்திருக்கிறோம்.

இங்கே கற்க முடியாதவை மூன்று: பனி, உயரம், உறைகாயம் (குளிரில் விரலோ காதோ உறைந்து கெடுவது). பனிக்குள் குழி தோண்டித் தங்குவதை அங்கே போய்த்தான் பழக வேண்டும். பனி காற்றை அடைத்து வைத்திருக்கும் ஒரு போர்வை, வெளியே மைனஸ் இருபது என்றாலும் சரியாகத் தோண்டிய குழிக்குள் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். வாசலைவிடப் படுக்கை உயரத்தில் இருக்க வேண்டும், குளிர்காற்று கீழே தேங்கும். மூச்சுக்கு ஒரு துளை விட்டு அது அடைபடாமல் இரவில் குத்திவிட வேண்டும். 2016 பிப்ரவரியில் சியாச்சினில் 19,600 அடி உயரத்தில் மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் பத்துப் பேர் பனிச்சரிவில் புதைந்தார்கள், அவர்களில் ஒருவர் உங்கள் தேனி மாவட்டத்துக்காரர். ஆறு நாள் கழித்துத் தோண்டியபோது லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிரோடு இருந்தார், மூன்று நாளில் மருத்துவமனையில் இறந்தார். சிதைந்த கூடாரத்துக்குள் காற்று தங்கிய ஓர் இடைவெளிதான் அத்தனை நாள் அவரைத் தாங்கியது என்றார்கள். அவர்களைவிடப் பயிற்சி பெற்றவர்கள் யார்? பனிச்சரிவு வரும் சரிவை அடையாளம் கண்டு விலகுவதையே முதல் பாடமாகக் கேளுங்கள்.

உயரத்தைப் பொறுத்தவரை, கேதார்காந்தா 3,800 மீட்டர். 3,000 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு இரவும் தூங்கும் இடம் முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தலைவலியோடு வாந்தி வந்தால் மேலே ஏறாதீர்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நேர்க்கோட்டில் நடக்க முடியாவிட்டாலோ, இரவு என்றும் பார்க்காமல் கீழே இறக்க வேண்டும். தடுமாற்றம் குளிராலும் வரும், உயரத்தாலும் வரும். சந்தேகமிருந்தால் போர்த்திக்கொண்டே இறக்குங்கள், இரண்டுக்கும் அது பொருந்தும்.

விரலோ காதோ வெள்ளையாகி மரத்துப்போனால் பனியை வைத்துத் தேய்க்காதீர்கள், தீயிலும் காட்டாதீர்கள், உணர்ச்சியில்லாத தோல் வெந்துபோவது தெரியாது. 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் வைக்க வேண்டும், ஆனால் மறுபடி உறையும் வாய்ப்பு இருந்தால் உருக்காமலே விட்டுவிட்டுக் கீழே கொண்டுபோங்கள். உருகி மறுபடி உறைந்தால் சேதம் பல மடங்கு.

இதையெல்லாம் முறையாகப் படிக்க டார்ஜிலிங்கில் 1954-ல் தொடங்கிய ஹிமாலயன் மலையேற்ற நிறுவனமும், உத்தரகாசியில் 1965-ல் தொடங்கிய நேரு மலையேற்ற நிறுவனமும் இருக்கின்றன. அடிப்படைப் பயிற்சி கிட்டத்தட்ட நான்கு வாரம், செலவு தனியார் ட்ரெக் கம்பெனிகளோடு ஒப்பிட்டால் குறைவு, இடம் கிடைப்பதுதான் கடினம், சீக்கிரமே விண்ணப்பித்துவிடுங்கள். இந்தி கொஞ்சம் தெரிந்தால் நல்லது. தெரியாமல் போனாலும் சமாளிக்கலாம், நான் அப்படித்தான் போனேன்.

சாப்பாடு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, நம் வீட்டிலேயே இருக்கிறது. கடலை மிட்டாய், எள்ளுருண்டை, பொரிவிளங்காய் உருண்டை, கருப்பட்டி. உறைந்தாலும் கடிக்க முடிகிற அளவில் சின்னதாகச் செய்து வாங்கிக்கொள்ளுங்கள், சட்டைப்பைக்குள் வையுங்கள், தூங்கப் போகும் முன் இரண்டு சாப்பிடுங்கள், செரிக்கும் சூடு விடியும்வரை கொஞ்சம் தாங்கும். தாகத்துக்குப் பனிக்கட்டியை அப்படியே தின்னாதீர்கள், அதை உருக்கும் சூடும் உங்கள் உடம்பிலிருந்துதான் போகும். பாத்திரத்தில் உருக்கும்போது அடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பனியைப் போடுங்கள், இல்லையென்றால் தீய்ந்த வாடை வரும்.

கடைசியாக, கிளம்பும் முன் எந்தப் பாதை, எப்போது திரும்புவேன், எத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். போனை உள்சட்டைக்குள் வைத்திருங்கள், குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். கழுத்தில் ஒரு விசில், மூன்று முறை ஊதினால் உதவிக் குரல்.

ஆகஸ்ட் முடிவதற்குள் அந்த முற்றத்து இரவை முடித்துவிடுங்கள், தம்பி. தார்பாய் ஒன்று, பத்து மீட்டர் கயிறு, உரச் சாக்குக்குள் வரும் பெரிய பாலிதீன் பையைக் கழுவிக் காயவைத்து இரண்டு, கம்பளி ஒன்று, காய்ந்த காலுறை ஒரு ஜோடி, ஃபிளாஸ்க்கில் சர்க்கரை தூக்கலாகக் கட்டன். நண்பர்களையும் கூட்டி வாருங்கள், ஒருவர் தடுமாறினால் மற்றவர் கண்டுபிடிக்கப் பழக வேண்டும் அல்லவா. வீடு கிடைக்கவில்லை என்றால் சொல்லுங்கள், எங்கள் வீட்டு முற்றம் இருக்கிறது, மழையும் தவறாமல் வரும்.